கிழக்கே என்று நான் சொல்லவில்லை

மைசூர், அக்ரஹாரம்
புதன்கிழமை

கண்ணு,

உறையைப் பிரித்ததும், ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் காகிதம் உன் பெயருக்கு மாறி வந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். பொறுத்துக்கொள். வரிகள் நேராக நிற்க மாட்டேன் என்கின்றன. இடது பக்கம் தரையில் புறப்பட்டு வலது பக்கம் போவதற்குள் கூரை ஏறிவிடுகின்றன. சில எழுத்து பூசணிக்காய் போலவும் சில எழுத்து கடுகு போலவும் இருக்கும். மூன்று இடத்தில் மை கொட்டிவிட்டது. அங்கே என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை, நீயாக ஊகித்துக்கொள். ஆனால் இது முழுக்க உன் அப்பன் தன் கையால் எழுதியது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக் குமாஸ்தா எழுதியது அல்ல. ஒரு நாழிகைக்குப் பத்துப் பன்னிரண்டு வரிதான் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை தொடங்கினேன், விரல் இரண்டும் வீங்கிப் போயிருக்கின்றன, ஆனாலும் மனதுக்குள் கல்யாண வீடு போல இருக்கிறது. எழுதி முடித்த ஒவ்வொரு சொல்லையும் தள்ளி நின்று பார்த்துக்கொள்கிறேன்.

இதில் என்ன அதிசயம், அப்பாவுக்குக் கண்தானே மோசம், எழுத்து தெரியுமே என்று நீ கேட்பாய். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். என் கண் என்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. எழுத்துதான் தெரியாது. தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. முப்பது வருடம் ஆபீஸில் டவாலியாக இருந்து காகிதக் கட்டுகளைச் சுமந்தேனே, ஒன்றின் மேல் எழுதியிருந்ததையும் படித்ததில்லை. எந்தக் கட்டு எந்த மேஜைக்கு என்பதை நாடாவின் முடிச்சை வைத்தும் மூலையில் இருந்த கறையை வைத்தும் நினைவில் வைத்துக்கொள்வேன். யாராவது "இதைக் கொஞ்சம் படி" என்று நீட்டினால் சட்டைப் பையைத் தடவிவிட்டு, கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன் என்பேன். எத்தனை நாள்தான் இல்லாத கண்ணாடியை மறக்க முடியும்? அதனால் ஒன்று வாங்கினேன். பார்வைக் குறைக்கு இல்லை, வெறும் கண்ணாடி போதும் என்றதும், நாடகக் கம்பெனியா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான், நீ முதல்முதலாக மைசூருக்கு வந்த அன்று ரயில் நிலையத்தில் உன்னை எதிர்கொண்டேன். உனக்கு அப்போது பத்தொன்பது வயது.

கோபிக்கு அருகே உன் அம்மா ஊரில் நீ வளர்ந்தாய், அங்கேயே தமிழ் படித்தாய். வருடத்துக்கு ஒரு முறை பண்டிகைக்கு வந்து போகும் ஆளாகத்தான் நான் உனக்கு இருந்தேன். மகாராஜாவின் சர்க்காரில் வேலை, தலைப்பாகை, மூக்குக்கண்ணாடி. நீ என்னைப் பெரிய படிப்பாளி என்று நம்பியிருந்தாய். அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கழற்றி வைக்க மனம் வரவில்லை. மறைக்கிறவன் இருக்கும் இடத்துக்குச் சுவர் தேவையில்லை கண்ணு. எந்த நேரத்தில் யார் காகிதத்தை நீட்டுவார்களோ என்ற பயமே நாலு பக்கமும் நின்றுகொள்ளும்.

நான் வேலையை விட்டு, உன் அம்மாவும் என்னோடு மைசூருக்கே வந்துவிட்ட பிறகு, இரண்டு தெரு தள்ளி ஒரு மண்டபத்தில் வயசானவர்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அவள்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். வெட்கமாக இருந்தது. ஊரார் பார்ப்பார்களே என்றேன். "பாத்தாப் பாக்கட்டுங்க. படிக்கத் தெரியாதவரு படிக்கப் போறாருன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதானுங்களே" என்றாள். அங்கே கன்னடம் கற்றேன். பிறகு தமிழ் மேல் ஆசை வந்தது. அதற்குப் புத்தகம் எதுவும் வாங்கவில்லை. நீ இத்தனை வருடமாக எழுதிய கடிதங்கள் எல்லாம் தகரப் பெட்டியில் இருந்தன. குமாஸ்தா படித்துக் காட்டியதைக் கேட்டுக் கேட்டு அவை எனக்கு மனப்பாடம். இந்த இடத்தில் இந்தச் சொல்தான் இருக்க வேண்டும் என்று விரலை வைத்து வைத்து எழுத்தைப் பிடித்தேன். முதலில் பிடிபட்ட சொல் எது தெரியுமா? அப்பா என்பது அல்ல, அம்மா என்பதும் அல்ல. 'கால்'. ஏனென்றால் நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டாவது வரியில் அது இருக்கிறது. அப்பாவின் கால் எப்படி இருக்கிறது? பன்னிரண்டு வருடமாக ஒரு கடிதம்கூட அந்த வரி இல்லாமல் வரவில்லை.

போன வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. குமாஸ்தாவைக் கூப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, இப்போது நிஜமாகவே பார்வைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிறர் உதவி இல்லாமல் என் வாழ்நாளில் நான் படித்த முதல் கடிதம். காலையில் தொடங்கி உச்சிவேளைக்கு முடித்தேன். தீர்த்தஹள்ளிக் காட்டில் புதுத் தடம் போடப் போகும் இருபது பேருக்கு உன்னை மேஸ்திரியாகப் போகச் சொல்லி, நீ வேலை பார்க்கும் சர்வேயர் கேட்டிருக்கிறார், அடுத்த வாரத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்த வரி முடிந்ததுமே சந்தோஷத்தில் உன் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டேன். அதற்குக் கீழே இருந்த வரியை அவள் முன்னால்தான் படித்தேன். "வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். கிழக்குக்கும் கீழேக்கும் வித்தியாசம் தெரியாதவனை நம்பி இருபது பேர் காட்டுக்குள் வரக் கூடாது. அப்பாவை நொண்டியாக்கியது போதும்." தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று ஐந்து முறை படித்தேன். எழுத்து சரியாகத்தான் இருந்தது.

உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, எழுத்தே தெரியாத மனுசன் கெழக்கேன்னு எப்படிப் படிச்சாருன்னு நான் அன்னைக்கே நெனச்சேன். கேட்டா உங்க மானம் போயிருமேன்னு வாயக் கட்டிக்கிட்டேன். அவன் பன்னெண்டு வருசமா உங்க பொய்யச் சொமந்துக்கிட்டுத் திரியறான். எறக்கி வெச்சிருங்க." குமாஸ்தாவை வைத்து எழுதட்டுமா என்று கேட்டேன். "உங்க கையிலதான் எழுதோணும்" என்றாள். அதனால் இப்போது அந்த மலைக்குப் போவோம். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ கேட்டது என் வாயிலிருந்து வந்த கதை.

நீ மைசூருக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு விடுமுறை நாளில் நரசீபுரம் வரை மோட்டாரில் போய், அங்கிருந்து மாட்டு வண்டியில் அந்தக் கோட்டை மலை அடிவாரத்துக்குப் போனோம். நம் இருவருக்கும் அதுவரை பேச்சு சரியாகப் பழகியிருக்கவில்லை. நடந்தால் பேச்சு வரும் என்று நினைத்தேன். வடக்கு வாசலில் ஏறி, கோட்டைக்குள் நடந்து, வேறு வழியாக இறங்கி, மலையடியைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட ஊருக்கே வந்து சேர வேண்டும். ஏறின வாசலில் இறங்கினால் கோட்டை ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை. எந்தக் காலத்திலோ அங்கே கைதிகளை வைத்திருந்தார்களாம். வண்டிக்காரர் அதைச் சொன்னபோது நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. வேறு வழி எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டிருக்கலாம். மேலே போனால் பலகை இருக்கும், படித்துக்கொள்ளலாம் என்று உன்னிடம் அலட்சியமாகச் சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதற்காகத்தான் சொன்னேன்.

பலகை இருந்தது. இடிந்த கொத்தளத்துக்குப் பக்கத்தில், ஒரு பாறைச் சரிவின் தலையில், மரத்தில் அடித்து வைத்திருந்தார்கள். கன்னட எழுத்து. உனக்கு அப்போது கன்னடம் காதில் கொஞ்சம் ஏறியிருந்ததே தவிர எழுத்து தெரியாது. "என்னங்கப்பா போட்டிருக்குது?" என்று கேட்டாய். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே போய் நின்றேன். இரண்டே இரண்டு சொல். ஒரு எழுத்தின் அடியில் இன்னொரு குட்டி எழுத்து, தாய்க் குரங்கின் வயிற்றைக் குட்டி பிடித்துக்கொண்டிருப்பது போல ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பலகை சரிவின் தலையில் நிற்கிறது, அப்படியானால் வழி கீழேதான் போகும் என்று கணக்குப் போட்டு, கன்னடத்தில் படிப்பது போல "கெளகெ" என்றேன். (இதை எழுதிப் பார்த்தால் 'கௌ' போலத் தெரிகிறது. அப்படிப் படித்துவிடாதே. கெ, ள இரண்டும் தனித்தனி. எழுத்து தெரிந்த பிறகுதான் இந்தத் தொல்லையெல்லாம் தெரிகிறது.) கன்னடத்தில் கீழே என்று அர்த்தம். அந்தச் சொல் உனக்கும் தெரியும். ஆனாலும் நீ உடனே இறங்கவில்லை. "இன்னொருக்காப் படிச்சுப் பாருங்கப்பா" என்றாய். கெளகெ என்றேன். "நெசமாலுமேங்களா?" என்றாய். எத்தனை தரம் சொல்வது, கெளகெ, போ என்று எரிந்து விழுந்தேன். மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் ஒரே பொய்யைச் சொன்னேன். இதை நீ மறந்திருப்பாய், அல்லது வேறு மாதிரி நினைவு வைத்திருப்பாய். நான் மறக்கவில்லை.

நீ முன்னால் சறுக்கி இறங்கினாய், நான் உன் பின்னால் சறுக்கினேன். கீழே ஒரு சின்னத் திட்டு. இரண்டு பக்கமும் கோட்டைச் சுவர். எதிரே எப்போதோ படிகள் இருந்த இடத்தில் வெறும் பள்ளம், குனிந்து பார்த்தால் கழுகின் முதுகு தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் நாம் இறங்கிய பாறை இரண்டு ஆள் உயரத்துக்கு வழவழவென்று நின்றது. இறங்கும்போது சறுக்குமரம், ஏறும்போது சுவர். கத்திப் பார்த்தோம். நம் குரலே நமக்குத் திரும்பி வந்தது. குரங்குகள் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து நம்மை வேடிக்கை பார்த்தன. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கையில் ஒரு பொட்டலம் பொரியும் பாதிச் சொம்புத் தண்ணீரும். அப்போது நீ, கோபமே இல்லாமல், மெதுவாகக் கேட்டாய். "பலகையச் சரியாப் படிச்சீங்களாப்பா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் படிக்கத் தெரியாதுடா என்று மூன்றே சொல். பாறை ஏறுவதைவிட அது சுலபம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "நான் கெழக்கேன்னுதானடா சொன்னேன். பலகையில மூடலுன்னு போட்டிருக்குது. உனக்குக் கன்னடம் புரியாதேன்னு தமிழ்ல கெழக்கேன்னு சொன்னா, அத நீ கெளகென்னு எடுத்துக்கிட்டுக் குதிச்சுப்புட்டே. உன்னத் தனியா விட மனசில்லாம நானும் எறங்கினேன்." எவ்வளவு வேகமாக வந்தது பார். கிழக்கு என்பதற்குக் கன்னடத்தில் மூடலு என்று சொல்வார்கள், அது உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு பாஷைக்கு நடுவில் இருந்த ஒரு சந்தில் நான் தப்பித்துக்கொண்டு உன்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "எனக்குத்தான் காதுல சரியா விழுகலயாட்ட இருக்குதுங்கப்பா" என்றாய். பொரியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு நீ சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்கும் அதுதான் காரணம். தான் செய்த தப்பைத் தானே சரிசெய்ய வேண்டும் என்றுதான் நீ என் தோள் மேல் ஏறிப் பாறையைப் பிடிக்கப் பார்த்தாய். வேண்டாம், யாராவது வருவார்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் கை நழுவியது. நீ விழுந்தது என் மேல். என் கணுக்கால் முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. நீ அழுததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

வெயில் சாய ஆரம்பித்தபோது ஓர் ஆட்டுக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். தலைத்துணியையும் கம்பளியையும் முடிச்சுப் போட்டு இறக்கி, ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார். இங்கே ஏன் இறங்கினீர்கள், பலகை இருக்கிறதே என்று கேட்டார். என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "நனகூ ஓதக்கே பரல்ல சாமி. ஆடு ஹோகத எடகெ நானூ ஹோகல்ல." எனக்கும் படிக்கத் தெரியாது, ஆடு போகாத இடத்துக்கு நானும் போக மாட்டேன் என்கிறார். எவ்வளவு லேசாகச் சொன்னார். அந்த மனிதரைப் பார்த்து நான் பட்ட பொறாமையை, முப்பது வருடத்தில் எந்த அதிகாரியைப் பார்த்தும் பட்டதில்லை. பிறகு அவர் நம்மை அழைத்துப் போன வழி எது தெரியுமா? கிழக்கு. நிஜமாகவே கிழக்குச் சுவரின் ஓட்டை வழியாக ஒரு ஆட்டுத் தடம் அடிவாரம் வரை இறங்கியது. என் பொய்க்கு அந்த மலையே வந்து சாட்சி சொன்னது. சூரியன் நமக்குப் பின்னால் இருந்தது. நீ ஒரு தரம் திரும்பிப் பார்த்தாய், திசையைத் தெரிந்துகொண்டாய், தலையைக் குனிந்துகொண்டாய். என்னை முதுகில் தூக்கிக்கொண்டு மலையடியைச் சுற்றி ஊர் வரை நடந்தாய். வழி முழுக்க, "வலிக்குதுங்களாப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். நான் உன் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? 'கெழக்கே போடான்னா கீழே குதிச்சான்' என்று அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கி ஆபீஸில் சொன்னேன், சொந்தக்காரர்களிடம் சொன்னேன், உன் கல்யாணப் பந்தியில் பெண் வீட்டாரிடமும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்து நீயும் சிரித்தாய். திரும்பத் திரும்பச் சொன்னதில் சில நாள் எனக்கே அது நிஜம் போல இருக்கும். இரவல் சட்டையை நாள்பட்டுப் போட்டால் நம் சட்டை போலப் பழகிவிடும் அல்லவா, அப்படி.

போன தசராவுக்கு முந்தின வாரம் வகுப்பில் மேஷ்ட்ரு, அதாவது எங்கள் வாத்தியார், கரும்பலகையில் ஒரு சொல் எழுதினார். ஒரு எழுத்தின் அடியில் குட்டி எழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. தாய்க் குரங்கும் குட்டியும். இது என்ன சொல் என்று கேட்டேன். "இல்ல" என்றார். இதற்கு முன்னால் 'தாரி' என்று எழுதிக் காட்டுங்கள் என்றேன். தாரி என்றால் வழி. எழுதினார். கண்ணு, அந்தப் பலகை அப்படியே என் முன்னால் வந்து நின்றது. 'தாரி இல்ல.' வழி இல்லை. கீழே என்றும் இல்லை, கிழக்கே என்றும் இல்லை. கன்னடத்திலும் தமிழிலும் ஒன்றாகவே இருக்கும் ஒரு சொல்லை நான் உனக்குப் படித்துக் காட்டத் தெரியாமல் போனேன். யாராவது வாய்விட்டுப் படித்திருந்தால் உனக்குப் புரிந்திருக்கும். அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுத்து இன்னும் கொஞ்சம் திருந்தட்டும், வரி கொஞ்சம் நேராகட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். எழுத்து வந்த பிறகும் அந்தத் திட்டிலேயே இருந்தேன். உன் கடிதம் வராவிட்டால் இன்னும் அங்கேதான் இருந்திருப்பேன்.

இப்போது உன் விஷயம். உனக்குக் காது சரியாகத்தான் கேட்டது. நீ வழி தவறவில்லை. தவறாகச் சொன்ன ஒருவனை நம்பினாய், அதுவும் மூன்று முறை கேட்ட பிறகு நம்பினாய். கோபித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தும் திரும்பக் கேட்கிறவன் பின்னால் இருபது பேர் என்ன, இருநூறு பேர் போகலாம். என்னைப் போலத் தெரிந்த மாதிரி விரலை நீட்டுகிறவன் பின்னால்தான் ஒருவரும் போகக் கூடாது. அந்தக் காட்டில் உனக்குத் தெரியாத வழி வரும். அப்போது தெரியவில்லை என்று உன் ஆட்களிடம் சொல்லிவிடு. அந்த ஆட்டுக்காரர் சொன்னது போல லேசாகச் சொல். மானம் போகாது. போனாலும் கால் போகாது.

வேலையை ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உன் இஷ்டம். பயணம் கடினம், குடும்பத்தை விட்டுப் போக வேண்டும், கொசுவும் அட்டையும் இருக்கும் என்று மறுத்தால் சரி என்பேன். ஆனால் நான் செய்த பொய்யைக் காரணமாக வைத்து மறுக்காதே. என் மேல் கோபம் வந்தால் வரட்டும். இத்தனை வருடத்தில் நீ என்னைக் கோபித்துக்கொண்டதே இல்லை, அது எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது. மருமகளிடமும் இதைப் படித்துக் காட்டு. பந்தியில் சிரித்த மற்றவர்களுக்கு நானே ஒவ்வொருவராகச் சொல்லப் போகிறேன். முதலில் பக்கத்து வீட்டுக் குமாஸ்தாவிடம் நேற்றுச் சொன்னேன். கண்ணாடி விஷயத்தைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். மூச்சு நன்றாக வந்தது.

நாளைக் காலை நானே தபால் ஆபீஸுக்கு நடந்து போய் இதைப் போடுவேன். உறை மேல் விலாசமும் நானே எழுதியிருக்கிறேன். இரண்டு நாளில் வந்தால் திங்கட்கிழமைக்கு முன்பே உன் கையில் இருக்கும். அடுத்த வாரம், உன் பதில் வந்தாலும் வராவிட்டாலும், மறுபடி எழுத உட்காருவேன், ஏனென்றால் இனி என்னால் எழுதாமல் இருக்க முடியாது. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ எழுதும்போது அந்த இரண்டாவது வரியை விட்டுவிடு. காலைப் பற்றிக் கேட்காதே. அந்தச் சொல் எனக்கு நன்றாகப் படிக்க வந்துவிட்டது. வேறு சொற்கள் அனுப்பு.

உன் அப்பன்